ஆபீஸ் சிஸ்டம் ஆன் ஆகறதுக்குள்ள டீ குடிச்சு டம்ளரும் கழுவிடறேன் – பொறுமையா இருக்கறதா, ஏதாச்சும் பண்றதா?

ரோஜா_அக்கவுண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். என் சீட்டுல இருக்கற சிஸ்டம் ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில பட்டனை அமுக்கினா அந்தப் புள்ளிங்க வந்து சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் பாஸ்வேர்டு கேக்குது, போட்டா வெல்கம்னு சொல்லி அது ஒரு ரவுண்டு, சரி டெஸ்க்டாப் வந்துடுச்சேன்னு கணக்கு எழுதற டாலி சாஃப்ட்வேரைத் தொட்டா ஸ்க்ரீன் வெள்ளையாகி நின்னுடுது. பத்து நிமிஷத்துக்குக் கொறையாம ஆகுது. மத்த நாள்ல பரவால்ல, 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ற அன்னிக்கு கிளையண்ட் எதிர்ல சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டு "ஆயிடுச்சாம்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா நான் எங்க போய் முட்டிக்கறது. சார்கிட்ட சொன்னா "பழைய மிஷின் அப்படித்தாம்மா, கொஞ்சம் பொறுமையா இரு"ங்கறார்.

அந்த நேரத்துல நான் ஏதாச்சும் கிளிக் பண்ணலாமா கூடாதா, பக்கத்து சீட்டுப் பையன் பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணி மறுபடி போட்டா ஸ்பீடா வரும்கறான் அது நிஜமா, ராத்திரி ஆஃப் பண்ணாமலே விட்டுட்டுப் போனா கரண்ட் பில்லு ரொம்ப ஏறுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபார்மேட்_பாய்

சிம்பிள் மேடம், ஒரு ஃபார்மேட் போடுங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா போட்டுக்கிட்டே இருங்க. அது முடியலைன்னா ப்ரீஃபெட்ச் ஃபோல்டர்ல இருக்கறதெல்லாம் டெலீட் பண்ணுங்க, எம்எஸ்கான்ஃபிக் போய் பூட் டேப்ல நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ் டிக் பண்ணி இருக்கறதுலயே பெரிய நம்பரைப் போடுங்க, டெஸ்க்டாப் வந்த உடனே ரைட் கிளிக் ரெஃப்ரெஷ் ஒரு பத்து வாட்டி குடுங்க. பறக்கும்.

நெல்லை_சர்வீஸ்

தங்கச்சி, மேல சொன்னது எதையும் இப்போதைக்குச் செய்யாண்டாம். உள்ள என்ன நடக்குன்னு முதல்ல சொல்லுதேன், அது தெரிஞ்சாலே எரிச்சல்ல பாதி கொறையும்.

பட்டனை அமுக்குனதும் போர்டுல இருக்க பயாஸ்ங்க சின்ன ப்ரோக்ராம் எந்திரிச்சு ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒரு பார்வை பாக்கும். புது போர்டுன்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப்ல மேல ஓரத்துல லாஸ்ட் பயாஸ் டைம்னு செகண்டு கணக்குல போட்டிருக்கும், அது பத்துப் பதினஞ்சுக்குள்ள இருந்தா போர்டு மேல குத்தமில்ல. அதுக்கப்புறம் விண்டோஸ் கெர்னல், டிரைவர், சர்வீஸ்னு ஒவ்வொண்ணா ஏறும். இதுவரைக்கும் கூட பரவாயில்ல. நீங்க பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் அசல் கூட்டமே கிளம்பும்: ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர்காரன் போட்ட சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து போடுத டிஎஸ்சி டோக்கனோட டிரைவர், ஃபைலையெல்லாம் இண்டெக்ஸ் போடுத சர்வீஸ், அப்டேட் தேடுதது, வாட்ஸ்அப், இன்னும் யார் யாரோ. சில சர்வீஸு வேணும்னே ரெண்டு நிமிஷம் லேட்டா கிளம்புத மாதிரி வச்சிருக்கான், அதுக்கு டிலேடு ஸ்டார்ட்னு பேரு. டெஸ்க்டாப் வந்து கொஞ்ச நேரம் நல்லா இருந்துட்டுத் திடீர்னு மறுபடியும் திணறுதுல்லா, அதுக்கு இவனுவளும் ஒரு காரணம்.

இவ்வளவு பேரும் ஒரே ஹார்ட் டிஸ்க்கைத்தான் கேக்கான். அது நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது, அப்படின்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்டு. ரீட் பண்ணுத தலை சரியான வட்டத்துக்கு நகர ஒரு எட்டு ஒம்பது மில்லிசெகண்டு, வேண்டிய இடம் சுத்தி அடியில வர சராசரியா பாதிச் சுத்து, எல்லாம் கூட்டுனா ஒரு தடவை எடுக்க 13 மில்லிசெகண்டு. செகண்டுக்கு எழுபத்தஞ்சு எம்பது தடவைதான் முடியும், அதுக்கு மேல டிஸ்க்கை மிரட்டுனாலும் வராது. பெட்டி மேல செகண்டுக்கு 150 எம்பின்னு போட்டிருப்பான், அது பெரிய சினிமா ஃபைலை ஒரே நீளமா காப்பி பண்ணுதப்ப. சிஸ்டம் கிளம்புதப்ப எல்லாம் சின்னச் சின்னத் துண்டு, அங்கங்க சிதறிக் கிடக்கும், 4 கேபி துண்டா எடுத்தா செகண்டுக்கு 300 கேபிதான் தேறும். ரேஷன் கடையில ஒரே ஆளு பில்லும் போட்டு அரிசியும் அளந்து மண்ணெண்ணெயும் ஊத்துனா வரிசை எப்படி நகரும், அந்தக் கதைதான்.

இப்ப கேள்விக்கு வாரேன். கிளிக் பண்ணுனா டிஸ்க் வரிசையில இன்னும் நாலு பேரை நீங்களே நிறுத்துதீங்க. திறக்கலைன்னு டாலி ஐகானை அஞ்சு தடவை தட்டுனா அந்த அஞ்சும் ஞாபகம் வச்சுக்கிட்டு கடைசியில அஞ்சு டாலி திறக்கும், 4 ஜிபி ராம்ல அதோட கதை முடிஞ்சுது. சிபியூ முகப்புல சின்னதா ஒரு லைட்டு இருக்கும் பாருங்க, டிஸ்க் ஓடுதப்ப மினுங்கும். அது நிக்காம எரிஞ்சா உள்ள வேலை நடக்கு, கையைக் கட்டிட்டு இருங்க. விட்டு விட்டு மினுங்க ஆரம்பிச்சா டாலியை ஒரே ஒருக்கா தட்டுங்க.

பவர் பட்டனை நாலு செகண்டு அமுக்கிப் பிடிச்சு அணைக்குதது கரண்ட் புடுங்குன மாதிரி. எழுதிக்கிட்டு இருக்கப்ப நின்னா அடுத்த தடவை டிஸ்க் செக்கிங் ஓடும், தொடர்ந்து ரெண்டு தடவை பாதியில நிறுத்துனா விண்டோஸே பயந்து ரிப்பேர் ஸ்க்ரீனுக்குப் போயிரும். பக்கத்து சீட்டுத் தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க.

ஃபார்மேட்_பாய்

அண்ணாச்சி ரெஃப்ரெஷ் குடுத்தா ராம் ஃப்ரீ ஆகும்ல? எங்க காலேஜ் லேப்ல எல்லாருமே குடுப்போமே

நெல்லை_சர்வீஸ்

ராமுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடே. டெஸ்க்டாப்புல இருக்க ஐகானை மறுபடி ஒருக்கா வரைஞ்சு காட்டும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல லேப் அசிஸ்டெண்ட்ல இருந்து மேனேஜர் வரைக்கும் அதைச் செய்வான், பாஸ்வேர்டு போட்ட கையோட. சும்மா இருக்க முடியல, கைக்கு ஒரு வேலை. அதனால கெடுதல் இல்ல, பிரயோஜனமும் இல்ல.

ஆனா ப்ரீஃபெட்ச் டெலீட் பண்ணுதது நிஜமாவே எதிரி வேலை. போன தடவை கிளம்புனப்ப எந்த ஃபைல் எந்த வரிசையில வேணும்னு விண்டோஸ் எழுதி வச்சிருக்க நோட்டு அது. எக்ஸ்பில இருந்து இருக்கு. அதைக் கிழிச்சா அடுத்த தடவை இன்னும் லேட்டாத்தான் கிளம்பும். எம்எஸ்கான்ஃபிக்ல அந்த டிக்கு போடாம இருந்தாலே எல்லா கோரையும் எடுத்துக்கும், டிக்கு போடுதது குறைக்கதுக்குத்தான், சோதனைக்காக வச்சது. யூட்யூப்ல எவனோ சொன்னதை ஊரே நம்பிட்டு இருக்கு.

சிவகாசி_டிடிபி

இந்தப் புள்ளைங்க பத்து நிமிஷத்துக்கே அழுவுதுங்க ஹஹஹா. 90கள்ல நான் பிரஸ்ல, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேருக்கு ஆபரேட்டர். பென்டியம் மிஷின், விண்டோஸ் 95, அப்புறம் 98. காலையில வந்து ஆன் பண்ணா முதல்ல ராம் எண்ணும், கறுப்பு ஸ்க்ரீன்ல நம்பர் ஏறிக்கிட்டே போகும், ஃப்ளாப்பி டிரைவ் ஒரு தடவை கர்ருன்னு கத்தும், அப்புறம் மேகத்துப் படம் வந்து அடியில ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு காட்டுதுன்னு எங்க முதலாளி நம்பிக்கிட்டு இருந்தாரு, அது வெறும் கலரை மாத்தி மாத்திக் காட்டுற வித்தை, உள்ள சிஸ்டம் செத்தே போயிருந்தாலும் பட்டை ஓடும்.

எங்களுக்கு அசல் தலைவலி ஃபாண்டு. காலண்டர் சீசன்ல ஒவ்வொரு கஸ்டமரும் ஒரு தமிழ் ஃபாண்டு கேப்பான், யூனிகோடு எல்லாம் புழக்கத்துக்கு வராத காலம், ஆளுக்கொரு எழுத்து ஆளுக்கொரு கீபோர்டு. சிடியில வந்த ஃபாண்டு எல்லாத்தையும் அப்படியே இன்ஸ்டால் பண்ணி வச்சிருப்போம். விண்டோஸ் 95, 98ல ஆயிரம் ஃபாண்டு கிட்ட போனாலே திணறும், அந்த லிஸ்ட்டை எழுதி வைக்கிற இடத்துக்கே ஒரு அளவு உண்டு, அதுக்கு மேல போட்டா சிலது மெனுவுல வரவே வராது. சிஸ்டம் கிளம்பவும் பேஜ்மேக்கர் திறக்கவும் ஆகுற நேரத்துல தினசரி ஒருத்தர் பேப்பரே படிச்சு முடிப்பாரு. அப்புறம்தான் தேவையானதை மட்டும் ஏத்தி வேலை முடிஞ்சதும் எடுத்துடற பழக்கம் வந்துச்சு.

இதுல கரண்ட் போய்ட்டா இன்னும் விசேஷம். மறுபடி ஆன் பண்ணா நீல ஸ்க்ரீன், ஒழுங்கா ஷட்டவுன் பண்ணலைன்னு நம்மளையே திட்டிட்டு ஸ்கேன்டிஸ்க் ஓடும். கரண்டை நிறுத்துனவன் ஒருத்தன் திட்டு வாங்குறவன் நானா?

நல்லூரான்

சிவகாசி அண்ணை சொன்ன கரண்ட் கதையில எனக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் யாழ்ப்பாணத்தில வீட்டில இருந்து வேலை செய்யிறனான். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவங்கள், ஞாபகம் இருக்கும். கரண்ட் வாற நேரம் பார்த்து ஓடி வந்து கொம்பியூட்டரைப் போட்டால் அது எழும்பி வேலைக்கு வாறதுக்குள்ளேயே எங்கட நேரத்தில ஒரு துண்டு போயிடும். அப்ப பழகினதுதான் ஹைபர்னேட். ராமில இருக்கிறதை அப்படியே டிஸ்க்கில எழுதிப்போட்டு முழுசா நிண்டிடும், கரண்ட் எடுக்கிறது இல்லையெண்டே சொல்லலாம். திரும்பப் போட்டால் நேற்று விட்ட இடத்திலேயே திறந்த ஃபைலோட வந்து நிக்கும். ஒரே நீளமா எழுதி ஒரே நீளமா வாசிக்கிறதால நெல்லை அண்ணை சொன்ன அந்த அங்கை இங்கை ஓடித் திரியிற வேலையும் குறைவு.

தங்கச்சி, நீங்கள் இரவில போட்டபடி விட்டுட்டுப் போறதை விட இது நல்லம். பவர் ஆப்ஷன்ஸில போய் ஷட்டவுன் மெனுவில ஹைபர்னேட் காட்டச் சொல்லிப் போடுங்கோ, முதலில அது ஒளிஞ்சுதான் இருக்கும்.

ரோஜா_அக்கவுண்ட்ஸ்

நல்லூரான் அண்ணா நன்றி, இன்னிக்கே பாக்கறேன். ஒரு டவுட்டு, நான் தினமும் ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் போறேன், ஆனா டாஸ்க் மேனேஜர்ல அப்டைம்னு பாத்தா ஒரு வாரத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கற மாதிரி காட்டுதே? ராத்திரி யாராச்சும் போட்டு யூஸ் பண்றாங்களா?

பென்குயின்_பக்தன்

யாரும் வரல, பயப்படாதீங்க :) விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு ஆன்ல இருக்கு. ஷட்டவுன் கொடுத்தா உங்க ப்ரோக்ராமை மட்டும் மூடிட்டு கெர்னலையும் டிரைவரையும் ஹைபர்னேட் பண்ணி வச்சுடும், காலையில அதையே எடுத்துப் போடும், அதனால அப்டைம் நிக்காம ஏறிக்கிட்டே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாம் உண்மையா புதுசா கிளம்பும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் சரியாகல"ன்னு சொல்றவங்க நெறைய பேருக்கு ரீஸ்டார்ட் கொடுத்தா சரியாகறதுக்கு இதான் காரணம். வாரத்துக்கு ஒரு தடவை கெளம்பறப்ப ஷட்டவுனுக்குப் பதிலா ரீஸ்டார்ட் கொடுத்து, லாகின் ஸ்க்ரீன் வந்ததும் அங்கிருந்தே ஷட்டவுன் பண்ணிட்டுப் போங்க.

அப்புறம் என் கடமையையும் செஞ்சுடறேன், லினக்ஸ் போடுங்க. விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு, நாலாவது ஜெனரேஷன் ப்ராசஸர்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாவதுல இருந்துதான். லினக்ஸ்ல சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்னு ஒரு கமாண்ட் அடிச்சா எந்த சர்வீஸ் எத்தனை செகண்டு தின்னுதுன்னு வரிசையா பேரோட காட்டிடும், பொறுமையா இருன்னு சொல்ல வேண்டியதே இல்ல, யாரைத் திட்டணும்னு தெரிஞ்சுடும்.

சிவகாசி_டிடிபி

தம்பி அந்தப் பொண்ணு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குது. டாலி உங்க லினக்ஸ்ல நேரா ஓடுமா?

பென்குயின்_பக்தன்

...விண்டோஸ் ப்ரோக்ராமை லினக்ஸ்ல ஓட்ட வைன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஓட்டறவங்க இருக்காங்க

சிவகாசி_டிடிபி

20ஆம் தேதி சாயங்காலம் கிளையண்டை எதிர்ல வச்சுக்கிட்டு வைன் செட்டிங் பாக்கச் சொல்றீங்க. நல்லா வருவீங்க.

கோவை_நைட்ஷிப்ட்

எல்லாரும் மிஷினைப் பத்தியே பேசறீங்க, நான் ஒண்ணு கேக்கறேனுங்க. பொறுமையா இருன்னு சொன்னது யாரு, அந்தப் பத்து நிமிஷம் யாரோடது? நான் ஒரு பிபிஓல இருந்தேன், பேரு வேண்டாம். அங்க கால் போடற டயலர் சாஃப்ட்வேர்ல லாகின் ஆன நொடியில இருந்துதான் ஷிப்ட் கணக்கு. சிஸ்டம் கிளம்பற நேரம், விபிஎன் கனெக்ட் ஆகற நேரம், நாலு பாஸ்வேர்டு போடற நேரம் எல்லாம் நம்ம தலையில. அதனால எல்லாரும் ஷிப்டுக்கு முன்னாடியே போய் மிஷினை எழுப்பிட்டு உக்காந்திருப்போம். லேட் லாகின்னா இன்சென்டிவ் கட்டு. டீம் லீடருக்கு மட்டும் எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்.

அமெரிக்காவுல இதுக்கு கேஸே நடந்துச்சு தெரியுமுங்களா. லாஸ் வேகாஸ்ல ஒரு கால் சென்டர் ஆளுங்க, கம்ப்யூட்டர் பூட் ஆகற நேரத்துக்குச் சம்பளம் வேணும்னு போனாங்க. கீழ்க்கோர்ட்டு இல்லைன்னுருச்சு. 2022 அக்டோபர்ல ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு அதைத் தப்புன்னு சொல்லிருச்சு. கம்ப்யூட்டர் ஆன் ஆகாம போனும் எடுக்க முடியாது ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அதை ஆன் பண்றதும் அந்த வேலையிலயே சேந்ததுதான்னு தீர்ப்பு. சம்பளம் கொடுக்கற அளவுக்கு அந்த நேரம் பெருசாங்கற மாதிரி மத்த கேள்விகளைப் பாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா காத்திருக்கறதும் வேலைதான்னு ஒரு கோர்ட்டு சொன்னதே எனக்குப் பெருசாப் பட்டுச்சு.

ரோஜா மேடம், உங்க சார் உங்களைத்தானே பொறுமையா இருக்கச் சொல்றாரு, கிளையண்ட்கிட்ட போய் பொறுமையா இருங்கன்னு அவரே சொல்வாருங்களா?

ரோஜா_அக்கவுண்ட்ஸ்

சொல்ல மாட்டார் :( அவர் ரூம்ல இருக்கறது புது லேப்டாப். ஒம்பதரைக்கு ஆபீஸ்னாலும் நான் ஒம்பது இருவதுக்கே வந்து ஆன் பண்ணிடறேன், அதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. நானும் இத்தனை நாளா அதை அப்படி யோசிச்சதில்ல.

பென்குயின்_பக்தன்

ஸ்டீவ் ஜாப்ஸ் கதை ஒண்ணு உண்டு. 1983ல ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர் டீம்ல இருந்த லாரி கென்யன்கிட்ட போய், பூட் ஆகற நேரத்துல பத்து செகண்டு குறை, அம்பது லட்சம் பேர் தினமும் ஆன் பண்ணா வருஷத்துல எத்தனை ஆயுசு மிச்சம், ஒரு டஜன் உயிரைக் காப்பாத்தின மாதிரின்னு சொன்னாராம். கூட இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதி வச்சிருக்காரு.

ஃபார்மேட்_பாய்

கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். அம்பது லட்சம் பேருக்கு தலா பத்து செகண்டுன்னா ஒரு நாளைக்கு அஞ்சு கோடி செகண்டு, அதாவது 578 நாள். வருஷத்துக்கு 578 வருஷம். ஆளுக்கு எழுவது வயசுன்னா எட்டு உயிருதான் வருது, டஜன் வரல.

சிவகாசி_டிடிபி

சேல்ஸ்காரன் கணக்கு அப்படித்தான் இருக்கும் தம்பி. எங்க பழைய முதலாளிகிட்ட இதைச் சொல்லியிருந்தா அந்த எட்டு ஆயுசுக்கும் சேத்து ஓவர்டைம் வாங்கியிருப்பாரு.

மட்டுறுத்துநர்

கணக்கு, ஜாப்ஸ், சம்பளம் எல்லாம் சுவாரசியம்தான், ஆனா கேள்வி கேட்டவருக்கு இன்னும் தீர்வு வரல. கொஞ்சம் இழைக்குள்ள வாங்க.

நெல்லை_சர்வீஸ்

வாரேன் வாரேன். தங்கச்சி, காசு செலவில்லாம செய்யக்கூடியதை முதல்ல சொல்லுதேன். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப்ல ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஹை, மீடியம், லோன்னு போட்டிருக்கும். கிளம்புதப்ப 3 எம்பிக்கு மேல டிஸ்க்கைப் படிச்சாலோ ஒரு செகண்டுக்கு மேல ப்ராசஸரைப் பிடிச்சாலோ அதை ஹைன்னு போடுவான். வாட்ஸ்அப், மீட்டிங் ஆப், பிரிண்டர் கம்பெனியோட இங்க் வாங்கச் சொல்லுத ஆப், பாட்டு ஆப் இதையெல்லாம் டிஸேபிள் பண்ணுங்க, வேணும்ங்கப்ப தட்டித் திறந்துக்கிடலாம். ஆன்ட்டிவைரஸையும் டோக்கன் டிரைவரையும் தொடாண்டாம். ரெண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தா ஒண்ணைத் தூக்குங்க, ஆபீஸ் சிஸ்டத்துல பாதிக்கு மேல நான் இதைப் பாக்குதேன், ஒருத்தன் படிக்க ஃபைலை இன்னொருத்தன் செக் பண்ணுவான், இவன் செக் பண்ணுததை அவன் செக் பண்ணுவான்.

தேதி நேரம் தினமும் தப்பா காட்டுதா? அப்படின்னா போர்டுல இருக்க சிஆர்2032 பட்டன் பேட்டரி போயிருக்கும். எஃப்1 அமுக்குன்னு நின்னுக்கிட்டு இருக்கும், தேதி தப்பா இருந்தா ஜிஎஸ்டி சைட்டும் செக்யூரிட்டி எர்ரர் காட்டித் திறக்காது. அது சின்னச் செலவுதான்.

ஆனா ஒண்ணு, பத்து நிமிஷம்ங்கது என் காதுக்குச் சரியாப் படல. 7200 டிஸ்க்கு, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10, இந்தக் கூட்டணியில மூணு நாலு நிமிஷம் ஆகும், அஞ்சுன்னு கூட வைங்க. பத்துன்னா டிஸ்க்கு எங்கயோ படிக்க முடியாமத் திணறுது. டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டுத கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஓட்டிப் பாத்து என்ன கலர் காட்டுதுன்னு சொல்லுங்க. 05, சி5, சி6ன்னு மூணு வரி இருக்கும், அதுல கடைசி நெடுவரிசையில இருக்க நம்பரும் வேணும். இன்னொண்ணு, கிளம்புதப்ப டிக் டிக்னு ஒரே தாளத்துல சத்தம் வருதா?

ரோஜா_அக்கவுண்ட்ஸ்

ஓட்டினேன். மஞ்சள் கலர்ல காஷன்னு வருது. 05ல எல்லாம் சைபர். சி5ல கடைசியா 28னு இருக்கு. சி6லயும் 28. டிக் டிக் இல்ல, ஆனா அப்பப்ப ஒரு க்ர்ர்னு நின்னு மறுபடி ஓடற மாதிரி கேக்குது, அது ஃபேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நெல்லை_சர்வீஸ்

அதான் கேட்டேன். அந்த 28 ஹெக்ஸ் கணக்கு, பதினாறு பதினாறா எண்ணுதது, நம்ம கணக்குக்கு 40. நாப்பது செக்டார்ல, அதாவது டிஸ்க்கோட சின்னச் சின்னக் கட்டத்துல, இருக்க டேட்டாவைப் படிக்க முடியாம பிறகு பாத்துக்கிடலாம்னு டிஸ்க்கு குறிச்சு வச்சிருக்கு. அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவையில விடாது, திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கும், ஒரு செக்டாருக்கே பல செகண்டு போகும். விண்டோஸ் ஃபைலு எதுவும் அந்த இடத்துல மாட்டிக்கிட்டா நீங்க வெல்கம் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இது பொறுமையாப் பழகிக்கிடக் கூடிய மெதுவு இல்ல. டிஸ்க்கு சாகப் போகுதுன்னு எழுதிக் கொடுத்தாச்சு, எப்பன்னுதான் போடல.

இனிமே செய்யக் கூடாததைச் சொல்லுதேன். டிஃப்ராக் போடாண்டாம். செக்டிஸ்க் ரிப்பேரும் போடாண்டாம், அது டிஸ்க்கு பூராவும் நடந்து இருக்க உயிரையும் வாங்கிரும். ஃபார்மேட் பேச்சே வேண்டாம், கேட்டியாடே ஃபார்மேட்டு?

ஃபார்மேட்_பாய்

கேட்டேன் அண்ணாச்சி

நெல்லை_சர்வீஸ்

முதல்ல டாலி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க்குல எடுங்க. கம்பெனி நம்பர் போட்ட ஃபோல்டர் ஒவ்வொண்ணா எடுங்க, மொத்தமா இழுத்துப் போட்டா பாதியில நின்னப்ப எது வந்துச்சு எது வரலன்னு தெரியாது. எடுத்ததை வேற சிஸ்டத்துல டாலியில திறந்து பேலன்ஸ் சரியா வருதான்னும் ஒருக்கா பாத்துருங்க, காப்பி ஆச்சுன்னு மெசேஜ் வந்ததை மட்டும் நம்பாதீங்க. அப்புறம் எக்ஸெல், கிளையண்டோட பிடிஎஃப், அவுட்லுக் வச்சிருந்தா மெயில் ஃபைலு. டிஎஸ்சி டோக்கனுக்குள்ளேயே இருக்கும், அதைப் பத்திக் கவலை இல்ல, டிரைவரை மட்டும் புதுசுல போடணும்.

பென்குயின்_பக்தன்

இந்த இடத்துல என்னைப் பேச விடுங்க சிவகாசி சார். விண்டோஸ்ல இருந்து காப்பி பண்றப்ப ஏதாச்சும் ஃபைல் வரமாட்டேன்னு அடம் பிடிச்சா அதோட மல்லுக்கட்டாதீங்க, சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடுங்க. லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல கிளம்பி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு ஓட்டலாம். அது முதல்ல நல்லா இருக்கற இடத்தையெல்லாம் வேகமா எடுத்துடும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்ட்டு கடைசியில வந்து ஒவ்வொண்ணா முயற்சி பண்ணும். எதுவரைக்கும் வந்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். பழைய டிஸ்க் எது புதுசு எதுன்னு மாத்திக் கொடுத்தா மொத்தமும் அழிஞ்சுடும், அதனால தெரிஞ்ச ஆளை வச்சுப் பண்ணுங்க.

சிவகாசி_டிடிபி

ஒத்துக்கறேன் தம்பி, இது உருப்படியான யோசனை.

கோவை_நைட்ஷிப்ட்

மேடம் அந்த மஞ்சள் ஸ்க்ரீனை போட்டோ எடுத்து உங்க சாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஸ்லோன்னு சொன்னாத்தான் பொறுமைம்பாரு, கிளையண்ட் டேட்டா போயிரும்னு சொல்லிப் பாருங்க.

ரோஜா_அக்கவுண்ட்ஸ்

அனுப்பிட்டேன். ரெண்டே நிமிஷத்துல கேபினை விட்டு வெளில வந்துட்டார்!! "டாலி டேட்டா பேக்கப் இருக்கா"ன்னு கேட்டார், போன மார்ச்சுல எடுத்ததுன்னேன், முகம் மாறிடுச்சு. எஸ்எஸ்டி வாங்கச் சொல்லிட்டார், எவ்வளவு ஜிபி வாங்கணும்னு கேக்கறார். இந்தப் பழைய சிஸ்டத்துல அது மாட்டுமா?

நெல்லை_சர்வீஸ்

மாட்டும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு கேட்டு வாங்குங்க, எம்.2 வேண்டாம், உங்க போர்டுல அதுக்கு அனேகமா இடம் இருக்காது. 256 ஜிபி உங்க வேலைக்குத் தாராளம். விலை இப்ப ஏறிக் கிடக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒண்ணு கும்பகோணத்துல ஒண்ணுன்னு சொல்லுவான், ரெண்டு கடையில கேளுங்க, பில்லோட வாங்குங்க, வாரண்டி முக்கியம். டிஸ்க்குக்கு 13 மில்லிசெகண்டுன்னு சொன்னேன்லா, இதுக்கு 0.1 கிட்டதான். அதே ப்ராசஸர் அதே போர்டுல அரை நிமிஷத்துக்குள்ள லாகின் வந்துரும். முடிஞ்சா டிடிஆர்3 ராம் ஒரு 4 ஜிபி பழசு கிடைச்சா சேத்துப் போடுங்க. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுராதீங்க, அதுல கிளையண்டோட பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மெண்டும் இருக்கு, ஆபீஸ் பீரோவுல வச்சுப் பூட்டுங்க.

நல்லூரான்

எஸ்எஸ்டி போட்ட பிறகும் பக்கப் எடுக்கிறதை விட்டிடாதேங்கோ. ஹார்ட் டிஸ்க் சாகேக்க சத்தம் போட்டாவது சொல்லும், இது சில வேளை சொல்லாமலே போயிடும்.

திண்டுக்கல்_தீபன்

இழையை முழுசா படிச்சேன், அருமை. என் அப்பாவோட பழைய டெஸ்க்டாப்பும் இப்படித்தான் ஸ்லோ, இப்ப ரெண்டு நாளா ஆன் பண்ணா ஸ்க்ரீனே வரல, பீப் பீப்னு கத்துது. இதுவும் ஹார்ட் டிஸ்க்கா அண்ணாச்சி? காத்திருந்து பாக்கலாமா?

நெல்லை_சர்வீஸ்

இது டிஸ்க்கு இல்ல தம்பி, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. பெரும்பாலும் ராமுதான். தனி இழை போடுங்க, எத்தனை பீப், நீளமா குட்டையா, போர்டு எந்த கம்பெனின்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு ராமைக் கழட்டி தங்கக் கலர்ல இருக்க முனையை ரப்பர் வச்சு லேசாத் தேய்ச்சு, தூசியைத் தட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க.